விளையாட்டுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

திருமண வீட்டுச் சமையற்கட்டில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு நான் இன்று சொல்ல வந்த செய்தி எளிதில் விளங்கிவிடும். பந்தி முடிந்து விருந்தினர் விடைபெற்ற பிறகு, கொல்லைப்புறத்தில் பாத்திரங்கள் மலைபோலக் குவிந்து கிடக்கும். எதிர்வீட்டு அண்டா எது, மாமன் வீட்டுத் தாம்பாளம் எது, நம்முடைய வாளி எது என்று பிரித்தெடுத்து அவரவர்க்கு அனுப்பியாக வேண்டும். விளிம்பில் பெயர் வெட்டியிருந்தால் தொல்லை இல்லை. வெட்டியிராவிட்டால் அந்த வேலைக்கு ஒரு பகல் போதாது. மனத்தாங்கல் வேறு வந்து சேரும்.

கணினி விளையாட்டில் 'மாட்' சேர்ப்பதும் நீக்குவதும் ஏறக்குறைய இந்தப் பாத்திர விவகாரமே.

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என் தமக்கையின் பேரன் வாயிலாக. அவன் கால் முறிந்து ஐந்து மாதம் படுக்கையில் இருந்தான். கல்லூரிக்குப் போக இயலவில்லை. நண்பர் வருகையும் நாளடைவில் குறைந்துவிட்டது. அக்காலத்தில் அவனுக்குத் துணையாக இருந்தது 'ஸ்கைரிம்' என்னும் கணினி விளையாட்டு. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் முகம் வாடி என்னிடம் வந்து, "தாத்தா, மாட் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து போய்விட்டது" என்றான். இவன் எப்போது மாடு வாங்கினான், எங்கே கட்டி வைத்தான் என்றுதான் என் மனம் முதலில் ஓடிற்று. பொருள் விளங்கிய பிறகும் அச்சொல்லோடு எனக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தவுடன் அது மெய்யாகவே மாடாகிவிடுகிறது. ஆகையால் 'மாட்கள்' என்றும் 'மாட் ஒன்று' என்றும் சற்றுச் சுற்றிவளைத்தே பேசுவேன். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

மாட் என்பது 'மாடிஃபிகேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். ஒரு நிறுவனம் செய்து விற்ற விளையாட்டில், அதை வாங்கி ஆடுபவர்களே உண்டாக்கிச் சேர்க்கும் மாற்றங்களுக்கு அந்தப் பெயர். ஒருவர் மரங்களின் இலைகளை இன்னும் அழகாக வரைந்து தருவார். இன்னொருவர் புதியதோர் ஊரையே கட்டி, அதில் மக்களைக் குடியேற்றி, அவர்களுக்குப் பேச்சும் எழுதி வைப்பார். பெரும்பாலோர் இதனை ஊதியம் கருதாமல் செய்து பிறருக்கு வழங்குகின்றனர். இவற்றுள் சில மூலத்தையே விஞ்சிப் புகழ் பெற்றதும் உண்டு. 'ஹாஃப்-லைஃப்' என்னும் விளையாட்டுக்கு மாட் ஆக 1999 இல் தோன்றிய 'கவுண்டர்-ஸ்ட்ரைக்', அடுத்த ஆண்டிலேயே தனி விளையாட்டாக விற்பனைக்கு வந்தது.

பிறர் செய்த பொருளுக்குள் நம் கையை நுழைக்கும்போது, மூலம் கெடாமல் நுழைப்பது எப்படி என்பதே இதிலுள்ள சிக்கல். இந்தக் கேள்வி பழையது. 1992 இல் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' வெளிவந்தபோது, ஆர்வம் மிக்கவர்கள் அதன் மூலக் கோப்புகளின் மேலேயே தங்கள் திருத்தங்களை எழுதினார்கள். திருத்தம் புகுந்த இடத்தில் மூலம் இல்லை. பழைய நிலை வேண்டுமென்றால் முன்பே நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். இதனைக் கண்ட அந்த இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தார், 1993 டிசம்பரில் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டபோது, ஓர் அரிய ஏற்பாடு செய்தார்கள். நிரலாளர் ஜான் கார்மாக், விளையாட்டை இயக்கும் நிரலை ஒருபுறமாகவும், படம், ஒலி, வரைபடம் முதலிய பண்டங்களை 'வாட்' என்னும் கோப்பில் மற்றொருபுறமாகவும் பிரித்து வைத்தார். வெளியார் செய்யும் மாற்றங்களுக்குத் தனி வாட் கோப்பு. விளையாட்டைத் தொடங்கும்போது அதன் பெயரைச் சொன்னால் மூலத்தின்மேல் அது ஏறிக்கொள்ளும். சொல்லாவிட்டால் மூலம் மூலமாகவே ஓடும். நான் சொல்லப்போகும் கருவிகள் யாவும் இந்த எண்ணத்தின் பேரப்பிள்ளைகள் எனலாம்.

பொதுவாகப் பேசினால் காற்றில் பேசியதாகும். ஆகையால் என் பேரன் ஆடிய ஸ்கைரிமையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க நாட்டுப் பெதெஸ்டா கேம் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இது 2011 நவம்பர் 11 ஆம் நாள் வெளிவந்தது. பனி மூடிய மலைநாடு, வாளேந்திய பயணி ஒருவன், வானில் பறக்கும் டிராகன்கள் என்று கதை விரிகிறது. 2012 பிப்ரவரியில் அந்நிறுவனம் 'கிரியேஷன் கிட்' என்னும் பட்டறைக் கருவியைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. 2016 அக்டோபரில் 'ஸ்பெஷல் எடிஷன்' என்னும் புதிய பதிப்பு வந்தது. இவற்றுக்கென மக்கள் செய்து சேர்த்த மாட்கள் 'நெக்சஸ் மாட்ஸ்' என்னும் களஞ்சியத்தில் பல்லாயிரக்கணக்கில் குவிந்துள்ளன.

விளையாட்டு நிறுவப்பட்ட இடத்தில் 'டேட்டா' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. பண்டங்கள் யாவும் அங்கேதான். மாட் ஒன்றைப் பெற்று விரித்தால் பெரும்பாலும் இருவகைக் கோப்புகள் கிடைக்கும். முதல் வகை, உருவங்கள், அவற்றின் மேற்பரப்பு ஓவியங்கள், ஒலிகள் ஆகியவை. இரண்டாம் வகைக்குப் 'பிளகின்' என்று பெயர். இன்ன இடத்தில் இன்னார் நிற்கிறார், அவர் இடையில் இன்ன வாள் இருக்கிறது, அதன் விலை இவ்வளவு என்பன போன்ற செய்திகளைத் தாங்கிய பதிவேடு அது.

கைவசமுள்ள எளிய வழி, இவற்றையெல்லாம் அள்ளி டேட்டா கோப்புறைக்குள் கொட்டிவிடுவதுதான். என் பேரன் செய்ததும் அதுவே. ஏறக்குறைய அறுபது மாட்களை இப்படிக் கொட்டியிருந்தான். கொட்டும்போது ஒரு குறையும் தென்படாது. இடையிடையே விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இதே பெயரில் ஒரு கோப்பு முன்பே இருக்கிறதே, அதை மாற்றிவிடலாமா? ஆம் என்று தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்த ஒரு தட்டில் பழைய கோப்பு அழிந்தது. அது எந்த மாட் கொண்டுவந்தது என்பதற்கான சான்றும் அதனோடு அழிந்தது. பின்னால் வந்ததை நீக்கினாலும் முன்னால் இருந்தது திரும்பாது. அங்கே ஒரு வெற்றிடமே மிஞ்சும். பெயர் வெட்டாத பாத்திரம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, இதுதான் அது.

பேரனுக்கு ஓர் ஊரை விரிவாக்கும் மாட் ஒன்று பிடிக்காமல் போயிற்று. நினைவில் இருந்த கோப்புகளை அழித்தான். அவற்றுள் சில வேறொன்றின் உடைமை. விளையாட்டு திறக்க மறுத்தது. ஸ்டீம் என்னும் விற்பனைச் செயலியில், நிறுவிய கோப்புகள் சரியாக உள்ளனவா என்று சோதிக்கும் வசதி உண்டு, அதை ஏவினான். அதனால் முழுப்பயன் விளையவில்லை. ஏனெனில் அச்சோதனை விற்ற கோப்புகளை மட்டுமே சரிபார்த்து ஈடுசெய்யும். நாம் புதிதாகக் கொட்டியவற்றை அது தன் பொறுப்பாகக் கருதுவதில்லை. அவை அங்கேயே கிடக்கும். விளையாட்டை நீக்கி மீண்டும் நிறுவினாலும், நாம் சேர்த்த கோப்புகள் பழைய கோப்புறையில் எஞ்சியிருந்து புதியதோடும் ஒட்டிக்கொள்ளும். அக்கோப்புறையையும் கையால் அழித்துவிட்டு நிறுவினால்தான் தூய நிலை கிட்டும். அவன் அதையும் செய்து முடித்தான். அதன்பிறகு நேர்ந்ததைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி 'மாட் மேனேஜர்' என்னும் கருவிக்கு வருவோம். பெரிய மண்டியில் கணக்குப்பிள்ளை ஒருவர் இருப்பார். மூட்டை எதுவும் அவர் பேரேட்டில் ஏறாமல் உள்ளே வராது, வெளியேறவும் செய்யாது. எந்த மூட்டை யாருடையது என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். மாட் மேனேஜர் அப்படிப்பட்டவர். ஸ்கைரிம் ஆடுவோர் மிகுதியாகக் கையாளுபவை இரண்டு: 'மாட் ஆர்கனைசர்' ஒன்று, 'வோர்டெக்ஸ்' மற்றொன்று. டானின் என்னும் புனைபெயர் கொண்ட ஒரே நிரலாளருக்கு இவ்விரண்டின் பிறப்பிலும் பங்குண்டு. ஆயினும் இரண்டும் வேலை செய்யும் முறை வேறு.

மாட் ஆர்கனைசர் ஒவ்வொரு மாட்டுக்கும் — பாருங்கள், மாடு வந்தே விட்டது — தனித்தனிக் கோப்புறை ஒதுக்குகிறது. டேட்டா கோப்புறைக்குள் ஒரு துரும்பையும் வைப்பதில்லை. அப்படியாயின் விளையாட்டு அவற்றை எவ்வாறு காணும்? ஓவியம் ஒன்றின்மேல் கண்ணாடித் தாள்களை அடுக்கி, ஒவ்வொரு தாளிலும் சிறிது சிறிதாக வரைந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே படமாகத் தோன்றும். தாளை உருவிவிட்டால் அடியிலுள்ள ஓவியம் கறைபடாமல் இருக்கும். விளையாட்டு ஓடும் நேரத்தில் மட்டும் அக்கருவி இத்தகைய மாயத் தோற்றம் ஒன்றை அதன் கண்முன் விரித்து வைக்கிறது. ஆகவே விளையாட்டை இக்கருவியின் வழியாகவே தொடங்க வேண்டும். ஸ்டீமிலிருந்து நேரே தொடங்கினால் மாட் எதுவும் இல்லாத வெறும் விளையாட்டே திறக்கும். புதியவர்கள் இதைக் கண்டு எல்லாம் அழிந்துவிட்டதென்று அலறுவதுண்டு, ஒன்றும் அழிந்திருக்காது.

வோர்டெக்ஸ் வேறு வழியில் செல்கிறது. அதுவும் மாட்களைத் தனிக் கிடங்கில்தான் வைக்கிறது. ஆனால் கிடங்கிலுள்ள கோப்புக்கு டேட்டா கோப்புறையில் 'ஹார்டு லிங்க்' என்னும் இரண்டாம் பெயரைச் சூட்டுகிறது. நம் வீடுகளில் ஒரே குழந்தைக்குப் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் பாட்டி அழைக்க ஒரு பெயரும் இருப்பதில்லையா, அதுபோல. ஒரு பெயரை நீக்கினால் பிள்ளை மறைந்துவிடுவதில்லை. பெயர்களைச் சூட்டும் செயலுக்கு 'டெப்ளாய்' என்றும், எல்லாவற்றையும் ஒருங்கே விலக்கிக்கொள்ளும் செயலுக்குப் 'பர்ஜ்' என்றும் பெயர் வைத்துள்ளனர். இம்முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: கிடங்கும் விளையாட்டும் ஒரே டிரைவில் இருந்தாக வேண்டும். மற்றொரு எச்சரிக்கை, டேட்டா கோப்புறையில் தோன்றும் கோப்பைத் திறந்து திருத்தினால் கிடங்கிலுள்ளதும் திருத்தமுறும். ஏனெனில் இரண்டும் ஒன்றே.

எது சிறந்தது என்று வினவினால், தொடங்குவோருக்கு வோர்டெக்ஸ் எளிது என்பேன்; நூற்றுக்கணக்கில் சேர்க்க விரும்புவோர் மாட் ஆர்கனைசரைப் பழகுவது நன்று. எதுவாயினும் ஒன்றை மட்டும் கையாளுங்கள். ஒரே விளையாட்டுக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகளை அமர்த்தினால் இரண்டு பேரேடும் பொய்யாகிவிடும்.

சேர்க்கும் முறையில் விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை. விளையாட்டைப் புதிதாக நிறுவி, மாட் எதுவும் இல்லாமல் ஒருமுறை திறந்து மூட வேண்டும். அதன் அமைப்புக் கோப்புகள் அப்போதுதான் உண்டாகும். விளையாட்டையும் மேனேஜரையும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் கோப்புறைக்கு வெளியே வைப்பது நலம். அங்கே எழுதுவதற்கு விண்டோஸ் ஆயிரம் தடை சொல்லும். பிறகு ஒவ்வொரு மாட் பற்றியும் அதனை ஆக்கியவர் எழுதிய குறிப்பை முழுமையும் படிக்க வேண்டும். அதற்கு முன்பே இருக்க வேண்டியவை எவை என்று அங்கே எழுதியிருப்பார். ஒரு பிளகின் மற்றொன்றைத் தாயாகக் கொண்டிருந்து, அந்தத் தாய் இல்லாவிட்டால், விளையாட்டு முகப்புக்கு வருமுன்பே விழுந்துவிடும். இரண்டு மூன்று சேர்த்தவுடன் விளையாட்டைத் திறந்து சற்று நடந்து பாருங்கள். ஐம்பது சேர்த்துவிட்டு ஒரே முறையாகத் திறந்து பார்ப்பவர்களின் பொறுமையை நான் வியக்கிறேன், அறிவை வியப்பதற்கில்லை.

வரிசை பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் குழப்பங்களில் பெரும்பங்கு இங்கேதான் விளைகிறது. பழைய ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியவர்கள் ஆங்காங்கே சொல்லை மாற்றிவிட்டிருப்பார்கள். கடைசியாக எழுதியவர் ஏடு மட்டும் நம் கைக்கு எட்டினால், அவர் கொண்ட பாடமே பாடம். பிளகின்களிலும் அதுவே நியதி: ஒரே செய்தியை இருவர் மாற்றினால், வரிசையில் பின்னால் நிற்பவர் சொல்லே செல்லும். ஒரு கடைக்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மாட் அவருக்குப் புதிய முகவெட்டு தருகிறது. மற்றொன்று அவர் திறமைகளைக் கூட்டுகிறது. இரண்டுக்கும் பகையில்லை என்று நமக்குத் தோன்றும். ஆனால் பதிவேட்டில் முகவெட்டும் திறமையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டுள்ளன. திறமையைத் திருத்தியவர் அந்த ஏட்டை முழுதும் படியெடுத்துத் திருத்தியிருக்கிறார். அவர் படியில் பழைய முகவெட்டே இருக்கும். அவர் பின்னால் நின்றால் புதிய முகம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. இதனைச் சமன்செய்ய இரண்டையும் இணைக்கும் சிறு பிளகின்களை, 'பேட்ச்' என்னும் பெயரால், சிலர் செய்து வைத்திருப்பார்கள். முதலில் அவற்றைத் தேடிப் பார்ப்பது கடமை.

வரிசையைத் தானாக அமைக்க 'லூட்' என்னும் கருவி இருக்கிறது. ஆடுவோர் பலர் கூடித் திரட்டிய பட்டியலைக் கொண்டு அது பிளகின்களை அடுக்கித் தருகிறது. ஆனால் அது அடுக்குவது பிளகின்களை மட்டுமே. ஓவியக் கோப்புகளில் எது வெல்ல வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். மாட் ஆர்கனைசர் திரையின் இடப்புறப் பட்டியல் அதற்காகவே உள்ளது. எதனுடன் எது மோதுகிறது என்பதை மின்னல் குறியிட்டுக் காட்டும். கீழே நிற்பது வெல்லும். கையால் கொட்டியபோது அழிந்த கோப்பு இங்கே அழிவதில்லை, தோற்று நிற்கிறது. வென்றதை விலக்கினால் தோற்றது மீண்டும் மேலே வரும். என் கருத்தில், இந்த ஒரு பயனுக்காகவே இக்கருவியை வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பெஷல் எடிஷனில் முழு அளவுப் பிளகின்கள் 254 வரையிலும், இலேசான வகை 4096 வரையிலும் இடம் பெறும். பெரும்பாலோருக்கு இவ்வெல்லை தட்டுவதில்லை.

இனி நீக்குவது. மேனேஜரில் குறியை எடுத்துவிட்டால் கோப்பு விலகிவிடும். ஒரு கணப் பொழுது போதும். இந்த எளிமைதான் மயக்குகிறது. கோப்பு விலகியது மெய். விளையாட்டின் நினைவு விலகவில்லை.

ஆடுபவர் தம் பயணத்தை இடையில் நிறுத்திப் பதிவு செய்வதைச் 'சேவ்' என்கிறோம். அந்தச் சேவ் கோப்பில் அவர் நின்ற இடமும் கைப்பொருளும் மட்டுமா இருக்கின்றன? மாட் கொண்டுவந்த மனிதர்கள், பொருள்கள், அவற்றை ஆட்டிவைக்கும் சிறு நிரல்கள் எந்த நிலையில் நின்றன என்பதும் எழுதப்பட்டிருக்கும். மாட் ஒன்றை நீக்கிய பிறகு அந்தச் சேவைத் திறந்தால், எழுதியது இருக்கிறது, எழுதப்பட்ட பொருள் இல்லை என்னும் நிலை உண்டாகிறது. முன்பிருந்த சில உள்ளடக்கங்கள் இப்போது இல்லை, தொடரலாமா என்று விளையாட்டே கேட்கும். தொடரலாம், முதலில் ஒன்றும் தெரியாது. பத்து மணி நேரம் கழித்து ஒரு கதவு திறக்காது, ஒரு பணி முடியாது, பிறகு விளையாட்டே விழும். காரணம் பத்து மணி நேரத்துக்குப் பின்னால் புதைந்திருக்கும்.

ஆகையால் நீக்கும்போது அது எவ்வகையைச் சேர்ந்தது என்று நோக்க வேண்டும். மேற்பரப்பு ஓவியம், ஒலி முதலியவற்றை மட்டும் மாற்றுபவை சுவருக்கு அடித்த வண்ணம் போன்றவை. எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம். புதிய ஊர், புதிய துணைவர், புதிய பணி, நிரல் தாங்கியவை ஆகியன வீட்டின் தூண்கள். நடுவில் உருவக்கூடாது. அவற்றை நீக்கியே தீர வேண்டுமென்றால், சேர்ப்பதற்கு முன் செய்த சேவுக்குத் திரும்பிச் செல்வதோ, பயணத்தைப் புதிதாகத் தொடங்குவதோதான் நேரிய வழி. சேவைத் துப்புரவு செய்யும் கருவிகள் உள்ளன. அவற்றை நான் அறுவை மருத்துவத்துக்கு ஒப்பிடுவேன், வேறு வழியில்லாதபோது நாடத்தக்கவை. எனவே பெரிய மாட் எதையும் சேர்க்குமுன் தனி இடத்தில், தனிப் பெயரில் ஒரு சேவ் செய்து வையுங்கள். ஒரே சேவின் மேல் மீண்டும் மீண்டும் எழுதும் பழக்கம் வேண்டாம்.

மேனேஜர்களில் 'புரொஃபைல்' என்றொரு வசதி உண்டு. ஒரே மாட் கிடங்கிலிருந்து, இந்தப் பயணத்துக்கு இவை, அந்தப் பயணத்துக்கு அவை என்று தனித்தனிப் பட்டியல் அமைத்துக்கொள்ளலாம். சேவ்களையும் பிரித்து வைக்கலாம். புதியதொன்றைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் சோதனைக்கென ஒரு புரொஃபைல் வைத்துக்கொண்டால் உயிரான பயணத்துக்கு ஊறு நேராது. குற்றம் எதில் என்று தெரியாதபோதும் அங்கேயே ஆராயலாம். நூறு மாட்களில் பாதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். குறை எந்தப் பாதியில் நிற்கிறதோ அதில் மீண்டும் பாதி. ஏழு முறைக்குள் அகப்பட்டுவிடும். ஆனால் பாதியாக்கும்போது தாயையும் சேயையும் பிரித்துவிடலாகாது.

நாம் எதையும் தொடாமலே கெடுவதும் உண்டு. 'ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்' என்னும் துணைநிரலைப் பல மாட்கள் நம்பியுள்ளன. அது விளையாட்டின் குறிப்பிட்ட பதிப்பு எண்ணுக்கே பொருந்தும். 2021 நவம்பர் 11 இல் பத்தாம் ஆண்டுப் புதுப்பிப்பு வந்தபோதும், 2023 டிசம்பர் 5 இல் மற்றொரு புதுப்பிப்பு வந்தபோதும், முதல்நாள் இரவு நன்றாக ஓடிய எண்ணற்ற பட்டியல்கள் மறுநாள் காலையில் முடங்கின. மாட் ஆக்கியவர்களை ஏசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. ஸ்டீம் அமைப்பில், விளையாட்டைத் தொடங்கும்போது மட்டுமே புதுப்பிக்குமாறு சொல்லி வைத்து, மேனேஜரின் வழியாக ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரைத் தொடங்கி வந்தால் இவ்வதிர்ச்சியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இன்னொரு அபாயம் விளையாட்டோடு நிற்பதன்று. 2023 ஜூனில், 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் மாட்கள் வழங்கும் 'கர்ஸ்ஃபோர்ஜ்', 'பக்கிட்' ஆகிய இடங்களில் சிலருடைய கணக்குகள் கைப்பற்றப்பட்டு, அவற்றின் வழியே 'ஃபிராக்சரைசர்' என்னும் தீநிரல் பரவிற்று. அது கடவுச்சொற்களைத் திருடியதோடு, கணினியிலிருந்த பிற மாட் கோப்புகளுக்குள்ளும் தன்னைப் புகுத்திக்கொள்ள முயன்றது. நம்பிக்கைக்குரிய பெயரின்கீழ் வந்ததால் பலர் ஐயுறவில்லை. மாட் மேனேஜர் இதைத் தடுக்காது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணக்குப்பிள்ளை மூட்டையை எண்ணுவார். உள்ளே பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் தொழிலன்று. வந்து சில நாளேனும் ஆன, பலர் கையாண்ட கோப்புகளைக் களஞ்சியத்திலிருந்தே பெறுவதும், நச்சுநிரல் சோதனையை அணைக்கச் சொல்லும் எந்தக் குறிப்பையும் மதியாமல் விடுவதும் நம் பொறுப்பு.

பேரன் கதையை நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். விளையாட்டைத் தூய நிலையில் மீண்டும் நிறுவியவன், மாட் எதுவும் இல்லாமலே தன் பழைய சேவைத் திறந்தான். சேவ்கள் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையில் தனியே இருப்பதால் அவை தப்பியிருந்தன. தொடரலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று தட்டினான். ஐந்து மாதமாக அவனோடு மலையும் பனியும் கடந்துவந்த துணைவி ஒருத்தி உண்டு. அவளும் ஒரு மாட் தந்தவளே. வீட்டு வாயிலில் அவள் இல்லை. பதற்றத்தில், வழக்கம்போல் விரைவுச் சேவ் விசையை அழுத்தினான். அவன் சேவின்மேல் வெறுமை எழுதப்பட்டது. அன்று மாலைதான் முகம் வாடி என்னிடம் வந்தான்.

"வேறு சேவ் ஏதேனும் உண்டா, தம்பி?" என்றேன். பதினெட்டு நாளுக்கு முந்திய ஒன்று இருந்தது. நல்லவேளையாக அதை அவன் கையால் தனியே செய்திருந்தான். எந்தெந்த மாட்கள் இருந்தன என்று மட்டும் அவனுக்கு நினைவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் சேவுக்குள்ளேயே இருந்தது. மாட் ஆர்கனைசரை நிறுவி, அதில் சேவ்களின் பட்டியலுக்குச் சென்று அந்தச் சேவின்மேல் சுட்டியை நிறுத்தினால், அது வேண்டி நிற்கும் பிளகின்களில் எவை இப்போது இல்லை என்று பெயர் பெயராகக் காட்டுகிறது. நாற்பத்தொரு பெயர்கள். நான் வாசிக்க அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். இரண்டு மாலைப்பொழுதில் நாற்பதைக் களஞ்சியத்திலிருந்து மீண்டும் பெற்றோம். எஞ்சிய ஒன்றை அதனை ஆக்கியவர் விலக்கிக்கொண்டுவிட்டார். அதுவோ துணைவியைத் தந்த மாட். கணினியின் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் அவன் அழிக்க மறந்திருந்த மூலப் பொட்டலம் கிடந்தது. சோம்பலால் விளைந்த நன்மை என்று நான் சொல்ல, முதன்முறையாகச் சிரித்தான். இப்போது பெற்ற பொட்டலங்களையெல்லாம் அழிக்காமல் ஒரு தனி டிரைவில் சேர்த்து வைக்கிறான்.

எல்லாவற்றையும் ஏற்றி, வரிசை அமைத்து, கருவியின் வழியே விளையாட்டைத் தொடங்கி, அந்தச் சேவைத் திறந்தோம். உள்ளடக்கம் இல்லை என்ற கேள்வி எழவில்லை. பனி பெய்துகொண்டிருந்தது. வீட்டு வாயிலில் அவள் நின்றாள். அவன் ஒன்றும் பேசாமல் முதலில் ஒரு புதிய சேவ் செய்தான். பிறகுதான் அவளிடம் பேசப் போனான்.